கொல்லையில் மிதித்தால் கூடத்தில் வெளிச்சம்

இன்று சாயங்காலம் என் தங்கையைப் பெண் பார்க்க மண்ணச்சநல்லூரிலிருந்து வந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் சந்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சிம்னி விளக்கிலா பெண்ணைக் காட்டுவது?

சைக்கிள் கடையில் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தேன். கொல்லையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தில் டைனமோவை மாட்டி, கூடத்துப் பல்புவரை வயர் இழுத்தேன். நான் மிதித்தால் பல்பு எரியும்.

எரிந்தது.

"பரவாயில்லையே, கரண்டெல்லாம் இழுத்திருக்கீங்களே!" மாப்பிள்ளையின் அப்பா குரல் கொல்லைவரை கேட்டது.

அடுத்து, "பொண்ணோட அண்ணனைக் கூப்பிடுங்கம்மா, பேசணும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. அப்பா இல்லாத வீட்டில் பேச வேண்டியவன் நான்தான். இறங்கினால் கூடம் இருண்டுவிடும்.

என் மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, உங்களைத்தான் கேக்குறாங்க!"

"வெளியூர் போயிருக்கேன்னு சொல்லு. அவங்களைச் சீக்கிரம் அனுப்பி வை."

அந்த வெளிச்சத்தை விட்டு எழுந்திருக்க அவர்களுக்கு மனசே வரவில்லை. கேசரி ஆனது, காப்பி ஆனது, மறுபடியும் காப்பி கேட்டார்கள். தங்கையைப் பாடச் சொன்னார்கள். என் கால் தளர்ந்து பல்பு மங்கியபோது, "வோல்டேஜ் கம்மி போல" என்றார் ஒருவர்.

பெண் பிடித்துவிட்டதாம். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா சொன்னதும் காதில் விழுந்தது: "நிச்சயதார்த்தத்தை இங்கேயே சாயங்காலமா வச்சுக்கலாம். அண்ணனும் ஊர்ல இருக்கற நாளாப் பாருங்க."

அன்றைக்கு நான் கூடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். உங்களில் யாருக்குக் காலில் தெம்பு இருக்கிறது?