முதலில் ஏறிய பெட்டிகள்

நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பெட்டியை, அங்கே ஆள் இல்லையென்று என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே ஜொகூர் பாருவின் தம்போயில் டிசம்பர் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறப்பதற்குள் பெட்டியின் அடி ஊறிப்போயிருந்தது. தூக்கினேன், அட்டை கையோடு பிய்ந்து வந்தது. ஈர அட்டைக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த கஞ்சியும் பழைய செய்தித்தாளும் கலந்தது போல இருக்கும். அது மூக்கில் ஏறியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி ராணி இருந்திருந்தால், "ஏங்க, அடுத்தவங்க பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று கேட்டிருப்பாள்.

கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்குத் தெரியாதா என்ன!

அட்டைப்பெட்டிகளோடுதான் என் பாதி ஆயுள் போனது. கோத்தா திங்கிக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிராணியாக, சரக்குக் கணக்கு எழுதுகிறவனாக இருந்தேன். கிராணி என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், மலாய்ப் பள்ளியில் மூன்று வருஷம், அவ்வளவுதான் என் படிப்பு. கையெழுத்து மட்டும் அச்சடித்தது போல இருக்கும். அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். உள்ளே வருகிற ஆணி, திருகு, கையுறை, வெளியே போகிற ஆணி, திருகு, கையுறை, எல்லாம் என் பேனாவைத் தாண்டித்தான் நகர வேண்டும். வெந்த செம்பனைப் பழத்தின் வாசனை சட்டையில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் உட்காருகிறவர் மூக்கைச் சுளிப்பார். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

எங்கள் லுத்தரன் சபையில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தோம். சிறிய சபைதான், ஆனால் மிஷன் என்றால் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிடும். தாய்லாந்தின் வடக்கு மலையில் ஒரு பிள்ளைகள் விடுதி. லுத்தரன் மிஷன் நடத்தியது. அங்கே டிசம்பரில் விரல் மரத்துப்போகும் குளிராம். விடுதியிலிருந்து வந்த ஒரு படத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாதர் சங்கத் தலைவி ஞானம் அக்கா, "பின்னுவோம், வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டார்.

ஜொகூர் வெயிலில் உட்கார்ந்து கம்பளிச் சட்டை பின்னுகிற பெண்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மின்விசிறி சுழல, நெற்றியில் வியர்வை வழிய, மடியில் கம்பளி நூல். ஞானம் அக்கா எங்கோ புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் பின்னியதில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "மலையில ஏறும்போது ஒரு கை மேல, ஒரு கை கீழதானே இருக்கும்லா, சரியாப் போகும்" என்று ராணி கிண்டல் செய்வாள். அக்கா ஊசியைக் காட்டி மிரட்டுவார்.

பின்னியதும் வாங்கியதும் சேர்ந்து பன்னிரண்டு பெட்டிகள். பிள்ளைக்கு ஒரு பெட்டி. உள்ளே கம்பளிச் சட்டை, போர்வை, பிஸ்கட் டின். பெட்டியின்மேலும், சட்டையில் குத்திய சீட்டிலும் பெயரும் வயதும் என் கையெழுத்தில். போதகர் வந்து ஒவ்வொரு பெட்டியின்மேலும் கை வைத்து ஜெபித்தார். பிறகு நான் நாடா ஒட்டினேன். லாரி வரும்வரை எங்கள் வீட்டு முன்கூடத்தில் அடுக்கி வைத்தோம். யார் வந்தாலும் பெட்டிகளைக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. அந்த நாட்களில் என் மனதிலிருந்த கடவுளும் ஒரு பெரிய ஸ்டோர் மேனேஜர் மாதிரிதான் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறானா என்று பார்க்கிறவர்.

லாரி வரவில்லை. வெள்ளம் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. மூன்று நாள் மழை நிற்கவேயில்லை. எங்கள் வாடகை வீடு ஆற்றை ஒட்டிய சந்தில், கீழே கல், மேலே பலகை. காலையில் வாசற்படியை நக்கிக்கொண்டிருந்த தண்ணீர் பசியாறி முடிப்பதற்குள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு. குளிர் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். ராணி அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினாள்.

நான் பெட்டிகளைத் தூக்கினேன்.

"ஏங்க, அரிசி டின்னத் தூக்குங்க மொதல்ல!"

"மிஷன் பெட்டி ராணி, நனைஞ்சுட்டா அங்க பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"இங்க ஒரு பிள்ளை இருக்கு, தெரியுதா உங்களுக்கு?" மேலேயிருந்து கத்தினாள். பிறகு, "மேசை டிராயர்ல பம்பு இருக்கு. அத மட்டுமாவது மறக்காம எடுத்துட்டு வாங்க."

பம்பு என்றால் ஜெனி மூச்சுத் திணறும்போது வாயில் வைத்து அடிக்கிற மருந்து. "சரி, சரி" என்றேன். அந்த நேரத்தில் ஐந்தாவது பெட்டி என் தோளில் இருந்தது. ஆறு, ஏழு. படி செங்குத்து. எட்டு, ஒன்பது. தண்ணீர் இடுப்பில். ஒவ்வொரு முறை இறங்கும்போதும், இதோ அடுத்தது டிராயர் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் பெட்டிகள் கண் முன்னால் இருந்தன, டிராயர் மூடியிருந்தது. பன்னிரண்டாவது பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கியபோது மேசை ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மரம் ஊறி உப்பி டிராயர் திறக்கவில்லை. காலை மேசையில் ஊன்றி இழுத்தேன். பிடி கழன்று கையோடு வந்தது. நான் மல்லாந்து விழுந்து எழுவதற்குள் மேசை சுழன்று சமையலறைப் பக்கம் போய், அலமாரிக்கு அடியில் சிக்கி, மூழ்கிவிட்டது.

"பம்பு எங்க?" என்றாள் ராணி.

நான் கையை விரித்துக் காட்டினேன். ஒரு பித்தளைப் பிடி.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரோடு வரிசையாக, அடி மட்டும் ஊறி, பத்திரமாக இருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

மதியத்துக்குள் ஜெனிக்கு இழுக்கத் தொடங்கியது. முதலில் விசில். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்தது. உடுப்பெல்லாம் ஈரம். பலகைச் சுவரின் இடுக்கில் காற்று. நான் முழங்காலிட்டுச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தேன்.

"ஜெபம் அப்புறம். அந்தப் பெட்டியத் திறங்க."

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? உங்களிடம் சொல்லவே கூசுகிறது. "பாஸ்டர் கை வெச்சு ஜெபம் பண்ணது ராணி. கேக்காம எப்படி..."

"யாரக் கேக்கணும்? நீந்திப் போய்க் கேட்டுட்டு வாங்க."

கத்தி சமையலறையோடு போய்விட்டது. அவள் நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். மஞ்சள் கம்பளிச் சட்டை ஒன்று வந்தது. அதில் குத்தியிருந்த சீட்டில் 'மாலி, பெண், ஆறு வயது' என்று என் அழகான கையெழுத்து. ராணி அதைப் பிள்ளைக்கு மாட்டினாள். அவள் மாட்டிக்கொண்டிருக்கும்போதே என் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. எடுத்ததைக் குறித்துக்கொள்ள. மகள் மூச்சுக்குத் தவிக்கிறாள், அப்பன் பேனா தேடுகிறான். அந்தக் கையை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

அன்று இரவைப் பற்றி எழுத என்னால் முடியாது. விட்டுவிடுங்கள்.

விடிந்தபோது ஜெனியின் உதடு நீலம். பேச்சு இல்லை. ராணி ஒரு சிவப்புச் சட்டையைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். அதைப் பார்த்துத்தான் தீயணைப்புப் படகு எங்கள் சந்துக்குள் திரும்பியது. படகிலிருந்தவர் மலாய்க்காரர், என்னைவிட இளையவர். நான் என்ன சொல்ல வந்தேனோ, சொல்ல விடாமல் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பூடாக் டூலு, பாங்! பூடாக் டூலு!"

பிள்ளை முதலில், அண்ணே, பிள்ளை முதலில். அவருக்கு எங்களைத் தெரியாது. அந்த வீட்டில் முதலில் மேலே ஏறியது எது என்று அவருக்குத் தெரியாது.

மேட்டிலிருந்த பள்ளி மண்டபத்தில் மருத்துவக் குழு இருந்தது. பிள்ளையைப் பார்த்ததுமே பிராணவாயு முகமூடி வைத்து, ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். ராணி ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சாலையும் மூழ்கிவிட்டது. என் கைப்பேசி ஆற்றோடு போயிருந்தது. யாரிடமாவது கேட்டு வாங்கி அடித்தால் மருத்துவமனை லைன் கிடைக்காது. மேசையில் இருந்த அதிகாரியிடம் மணிக்கொரு தரம் போய் நின்றேன். "பெலும் லாகி, பாக்" என்பார். இன்னும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

எத்தனை நாள் என்றால் நம்ப மாட்டீர்கள். ஐந்து. பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் ஐந்து நாள். கோவில்காரர்கள் சோறும் சாம்பாரும் கொண்டுவந்தார்கள். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு மலாய் அம்மா தன் பாயில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். போர்வை கொடுத்தார்கள், தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். எத்தனையோ ஆயிரம் தடவை கொடுத்தவன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெற்றுக்கொண்டவன் என்ற இடத்தில் போடும்போது எழுத்து கோழி கிளறியது மாதிரி விழுந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் சபையார் ஏழெட்டுப் பேர் மண்டபத்தின் மூலையில் கூடினார்கள். போதகரால் வந்து சேர முடியவில்லை. ஞானம் அக்கா அன்றுதான் வேறொரு பள்ளியிலிருந்து இங்கே வந்திருந்தார். வழக்கமாக மிஷனுக்காக ஜெபிப்பது நான். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். யாரிடம் என்ன முகத்தோடு பேசுவது? எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். கடைசியில் நான் சொன்னது ஜெபமே இல்லை.

"அக்கா, பெட்டியெல்லாம் பிரிச்சுட்டோம்."

"எதுக்கு?"

"ஜெனிக்கு. குளிருச்சு."

"பின்ன? யாருக்குப் பின்னுனோம்? குளிருறவங்களுக்குத்தானே."

"இல்லக்கா. நான் பெட்டிய மொதல்ல தூக்குனேன். பம்ப விட்டுட்டேன்." எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒன்பதாவது பெட்டி, பத்தாவது பெட்டி, கையில் வந்த பிடி, பேனா, எல்லாம்.

அக்கா எழுந்து என் அருகே வந்தார். பிறகு, "நீ என்ன, ஆண்டவர் வீட்டுக்குக் கிராணியா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "அவரு கேட்டாரா உன்கிட்ட, பெட்டி பத்திரமான்னு? அவரே ஒரு பிள்ளையாத்தானே வந்தாரு, போர்த்திக்க நல்ல துணிகூட இல்லாம. உக்காரு தம்பி. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நாங்க சொல்றோம்."

உட்கார்ந்தேன். அவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவராக ஜெனியின் பெயரைச் சொல்லி, என் பெயரையும் சொல்லி. நான் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, எதுவும் கொடுக்காமல், எதையும் தூக்காமல் இருந்தேன். அப்போதும் என் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஐந்து நாளாக என் கழுத்தைப் பிடித்திருந்த ஒரு கை விட்டது. பிற்பாடு வந்த சந்தோஷத்தை நான் சமாதானம் என்று சொல்ல மாட்டேன், அது எந்த அப்பனுக்கும் வரும். அந்த மூலையில், ஒன்றும் தெரியாமல் இருந்தபோது வந்ததைத்தான் சொல்வேன்.

மாலையில் தண்ணீர் வடிந்த சாலையில் முதல் வண்டிகள் வந்தன. ராணி இறங்கினாள். தோளில் ஜெனி, அதே மஞ்சள் சட்டை, அதன் ஒரு கை விரலை மூடித் தொங்க, மறு கை முழங்கையோடு நின்றுவிட. அக்கா ஓடிப்போய்ச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "அலமாக், இது நான் பின்னுனதுலா!" என்று அழுதார். நான் கிட்டே போகத் தயங்கி நின்றேன். ராணி நேராக என்னிடம் வந்தாள்.

"புடிங்க. என் கை மரத்துப் போச்சு."

வாங்கிக்கொண்டேன். பிள்ளை என் நெஞ்சில் மூச்சு விட்டாள். சீரான மூச்சு.

மிஷனுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டேன். பெட்டிகள் வராதது பரவாயில்லை, பிள்ளைகள் தினமும் ஜெனியின் நெஞ்சுக்காக ஜெபிக்கிறார்கள், மாலி முதலாவதாக, என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் மறுபடி பின்னினார்கள், அனுப்பினோம். இப்போது அந்த விடுதி இல்லை. மலைக்குச் சாலை வந்து, பள்ளிக்கூடம் வந்து, மூடிவிட்டார்களாம். நல்லதுதான். ஞானம் அக்கா இல்லை. ஆற்றோரச் சந்தில் எங்கள் வீட்டையும் இடித்துவிட்டார்கள். ஜெனி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வெள்ளம் வந்ததே அவளுக்கு நினைவில்லை.

ராணிக்கு நினைவிருந்தது. எங்களுக்குள் எத்தனையோ சண்டை. என் குடும்பத்தை இழுப்பாள், என் சம்பளத்தை இழுப்பாள், குறட்டையைக்கூட இழுப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் உள்ளுக்குள் பல்லைக் கடித்துக் காத்திருப்பேன், இதோ சொல்லப்போகிறாள், அந்த டிராயரைச் சொல்லப்போகிறாள் என்று. ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில், கடைசி நாட்களில், நானே எடுத்தேன். "ராணி, அன்னைக்கு அந்தப் பம்பு..." என்றேன். கண்ணைத் திறக்காமலே, "தண்ணி குடுங்க" என்றாள். கொடுத்தேன். குடித்தாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.