ஜெப எண்ணெயும் நாயின் காதும்

மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், எங்கள் சபையில் எண்ணெய் பாட்டில்களைப் பீடத்தின் படியில் வரிசையாக வைப்போம். போதகர் ஜெபித்துத் தருவார். வெறும் தேங்காய் எண்ணெய்தான். தலைவலி, காய்ச்சல், எதுவானாலும் புத்தூரில் எங்கள் வீட்டில் முதலில் அதைத்தான் எடுப்போம். சின்ன வயதில் என் மகன் காதுவலியால் துடித்தபோது மூன்று சொட்டு விட்டேன், வலி நின்றது. அதைச் சபையில் சாட்சியாகவும் சொல்லியிருக்கிறேன்.

சென்னையில் வேலை கிடைத்துப் போனபோது அவன் தன் நாயை என்னிடம் விட்டுப் போனான். பழுப்பு நிறம், தொங்கு காது. காது கழுவும் மருந்தும் பஞ்சும் வாங்கி வைத்து, வாரம் ஒரு தடவை சுத்தம் செய்யச் சொன்னான். இரண்டு வாரம் செய்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் போன் செய்வான். போனை நாயின் காதருகில் வைக்கச் சொல்லி, "இன்னாடா, சோறு துன்னியா?" என்பான். அது வாலால் தரையை அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டு அங்கே அவன் சிரிப்பான்.

மழைக்காலத்தில் நாய் ஓயாமல் தலையை ஆட்டியது. காதைத் தூக்கினால் காபித்தூள் மாதிரி அழுக்கும் கெட்ட வாடையும். ஜெப எண்ணெயை எடுத்தேன்.

"நாய்க்கும் ஜெபமா? அப்படியே ஞானஸ்நானமும் குடுத்துடு" என்றார் என் கணவர்.

"சும்மா இருய்யா. அதுவும் ஆண்டவர் படைச்சதுதானே."

நாயை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தானே வந்து என் மடியில் தலை வைத்துக் காதைக் காட்டியது. காலையும் மாலையும் ஜெபித்து இரண்டு காதிலும் ஊற்றினேன். வாடை அதிகமானதும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"காது சுத்தம் பண்றியாம்மா?" என்று மகன் போனில் கேட்டான்.

"பண்ணிக்கினுதான் இருக்கிறேன். நல்லா இருக்குது."

அடுத்த வாரம் அது தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி நடந்து சுவரில் மோதியது. காதிலிருந்து சீழும் ரத்தமும் வடிந்தது. ஆட்டோவில் திருப்பதி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள்.

"எண்ணெ ஊத்தினீங்களாம்மா?"

"ஆமாம்மா. தினமும்."

"உள்ள புண்ணு இருந்திருக்கு. கழுவாம மேல எண்ணெ ஊத்தி இருக்கீங்க. அழுக்கும் சீழும் உள்ளயே நின்னு, ரெண்டு காதுலயும் ஜவ்வு கிழிஞ்சு போயிடுச்சு."

"காது கேக்காதா?"

"கேக்காதும்மா. வலியாச்சும் நிக்கட்டும்."

ஜெபித்த எண்ணெய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் செய்ததற்கு ஆண்டவர் பேரை அங்கே இழுக்க மனமில்லை.

அந்த ஞாயிறு மகன் கூப்பிட்டான். போனை வழக்கம்போல் நாயின் காதருகில் வைத்தேன். "இன்னாடா, சோறு துன்னியா?" நாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"இன்னாம்மா, வால் சத்தம் கேக்கல?"

தூங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதன் கண் திறந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தியேம்மா" என்றான். போனை வைத்துவிட்டான்.

இப்போது டாக்டரம்மா தந்த மருந்தால் தவறாமல் கழுவுகிறேன். மடலைத் தூக்கி, மருந்தை விட்டு, காதின் அடியை விரலால் மெதுவாகப் பிசைந்து, அது தலையை உதறிய பிறகு விரல் எட்டும் வரை பஞ்சால் துடைக்கிறேன். குச்சி விடுவதில்லை. கையில் எந்த பாட்டிலைப் பார்த்தாலும் அது கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது. என் கணவர் இழுத்து வந்து பிடித்துக்கொள்கிறார். அவர் கேலி பேசுவதில்லை. துடைக்கும்போது ஜெபிக்கிறேன், மன்னிப்பைத் தவிர வேறு எதையும் கேட்க வரவில்லை.

மகன் இன்னும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். என் கையில் போன் வெளிச்சம் கண்டதும் நாய் எழுந்து வந்து, காதைக் காட்டி என் முன்னால் உட்கார்கிறது. போனை அதனிடம் வைக்கச் சொல்லி அவன் கேட்பதில்லை. அது வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நானும் அவனிடம் சொல்வதில்லை.