இஞ்சினியர் போனது எந்த மணிக்கு?

ஒருவர் இறந்தால் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். எங்கள் ரேடியோ இஞ்சினியர் இறந்த அன்று மலாக்காவில் காஜா பேராங்கில் கூடிய எங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எல்லாரும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான். ஆனாலும் மத்தியானம் வரை மணி என்ன என்பதைப் பற்றியே பேசித் தீர்த்தோம். விட்டுப்போன அந்த நாலு வார்த்தையை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால், பேனா மறுபடியும் மணி பார்க்கத்தான் போகிறது.

சண்டைக்கு முன்னால் அவர் சிங்கப்பூரில் ஒலிபரப்பு நிலையத்தில் இஞ்சினியர். ஜப்பான்காரன் வந்து மலாக்காவில் ஒரு நிலையம் திறந்தபோது அவரை இங்கே தள்ளிவிட்டார்கள். மனைவியின் ஊர் என்பதால் அவருக்கும் அதில் வருத்தமில்லை. காஜா பேராங்கில் ஒரு பலகை வீடு பிடித்துக் குடியேறினார். மனைவி பக்கத்துச் செட்டிக் கம்பத்துப் பெண். கம்பம் என்றால் கிராமம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்துவிட்ட அந்தச் செட்டிகளின் வீடுகளில் மலாய்தான் பேச்சு. கணவருக்காக அவள் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள்.

ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, தூர தேசத்து நிலையங்கள் கேட்காதபடி உள்ளே கம்பியை வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. வெட்டுகிற வேலை இவர் தலையில் விழுந்தது. ஊரே வெறுத்திருக்க வேண்டிய வேலை. இவரோ, காவலிருந்த அதிகாரி சிகரெட் பிடிக்க வெளியே போகிற சமயம் பார்த்து, "கடைசியா எது கேக்கணும்?" என்று மெதுவாகக் கேட்பார். கேட்டதைப் பிடித்து, ஒலியைத் தாழ்த்தி, காதை வைத்துக் கேட்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் வெட்டுவார். பிடிபட்டால் தலை போயிருக்கும். தெங்கேராவிலிருந்து வந்த ஒரு மளிகைக்காரர் நாதஸ்வரம் கேட்டுவிட்டு அழுதுகொண்டே போனார். என் முறை வந்தபோது, இத்தனை படித்தவன், எதைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தேன். அவரே டில்லியைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதற்குள் அதிகாரியின் பூட்ஸ் சத்தம். வெட்டிவிட்டார். உலகத்திடமிருந்து நான் கடைசியாகப் பெற்ற செய்தி ஓர் இருமல்.

வெட்டிய கம்பியை ஒரு தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்குங்க. எல்லாம் முடிஞ்சதும் கொண்டாங்க, ஒட்டித் தரேன்." அந்தப் பொட்டலம் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எந்த முனையை எதோடு ஒட்டுவது என்று எனக்குத் தெரியாது.

ரேடியோவோடு விடவில்லை, கடிகாரங்களுக்கும் உத்தரவு வந்தது. டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி. பழைய மணிக்கு ஒன்றரை மணி முன்னால். வேலைக்கு டோக்கியோ மணி, வீட்டுக்குப் பழைய மணி என்று இரண்டிலும் காலை வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். நாங்கள் தடம் மாறாமல் இருந்ததற்குக் காரணம் முச்சந்தியில் விளக்குத் தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கி. காலையில் அது உடற்பயிற்சி இசையைப் போட்டால் டோக்கியோ மணி இன்னது என்று ஊருக்கே தெரியும். அதைப் பேச வைத்துக்கொண்டிருந்தவர் இஞ்சினியர். அவர் காய்ச்சலில் விழுந்ததும் ஒலிபெருக்கியும் வாயடைத்துப் போனது. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம் மணி தெரியாமல் ஊரே தடுமாறியது.

மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கிடைக்காத காலம். அவர் எழுந்திருக்கவே இல்லை.

செய்தி கேட்டு நான் போனபோது கோயில் பண்டாரம் கூடத்தில் உட்கார்ந்து இஞ்சினியரின் மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உசிரு போன நேரம் என்னம்மா?"

"மணி பாத்தேன். எட்டேகால்."

"டோக்கியோ எட்டேகாலா, பழைய எட்டேகாலா?"

"தெரியல."

அவர் ஏன் அப்படித் துருவினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் கணிப்பின்படி அன்று பழைய மணிக்கு ஏழரை வரை திருவோணம்; அதற்கு மேல் அவிட்டம். திருவோணத்தில் போனவருக்கு ஒரு தடையும் இல்லை. அவிட்டத்தில் போனால் அடைப்பு. உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் யாரும் அதில் குடியிருக்கக் கூடாது. நல்ல காலத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ளலாம். அப்போதோ பூட்டிக் கிடக்கும் வீட்டை ஜப்பான்காரன் ஒரு வாரம் விட்டுவைக்க மாட்டான். கொல்லையில் அவள் நட்டிருந்த மரவள்ளியை ஊரார் ஒரு ராத்திரிகூட விட்டுவைக்க மாட்டார்கள். அவளுக்கு மிச்சமிருந்தது அந்த வீடும் அந்த மரவள்ளியும்தான். எட்டேகால் என்பது டோக்கியோ மணியானால் பழைய மணிக்கு ஏழுகூட ஆகவில்லை. திருவோணம், அவள் இருக்கலாம். பழைய மணியானால் அவிட்டம், அவள் தெருவில்.

ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து முதன்முதலாக நாங்கள் டோக்கியோ மணி ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

கூடத்துச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலை நாளில் இஞ்சினியர் அதை டோக்கியோவுக்கு வைப்பார். லீவு நாளில் பழைய மணிக்குத் திருப்பிவிடுவார். "லீவு நாள்லயும் அவனுக்காக நான் ஏன் ஒன்றரை மணி முன்னாடி எழுந்திருக்கணும்?" என்பார்.

"படுத்தப்ப எதுலம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"லீவுன்னு சொன்னார், திருப்பினேன். ராத்திரி, நாளைக்கு வேலைன்னு சொன்னார், திருப்பினேன். காலையில லீவுன்னார். அப்புறம் வேலைன்னார்." கையை விரித்தாள். "பாஞா காலி, சிக்கு. நிறைய தடவை. கடைசி எதுன்னு ஞாபகமில்ல."

என்னைப் போன்ற பள்ளி ஆசிரியரை மலாயில் 'சிக்கு' என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள அர்த்தமும் எனக்கு நன்றாகப் பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

பண்டாரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. "இப்ப அது எந்த மணில ஓடுதுன்னு பாத்தா தீர்ந்துச்சு!"

"அது இப்ப சரியா ஓடுது," என்றது வாசலோரம் ஒரு குரல். "நான்தான் திருத்தினனான்."

பேசியவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். பிழையான கடிகாரம் இருக்கிற அறையில் அவரால் மூச்சு விட முடியாது. டோக்கியோ மணியை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. அந்த ஊரின் பெயரையே சொல்ல மாட்டார்; 'அந்த மணி' என்பார். சட்டைப் பையிலிருந்த வெள்ளிக் கடிகாரம் பழைய மணியில்தான் ஓடியது. எழவு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக அதைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைத்துவிட்டார்.

"ஐயோ மாஸ்டர்! முன்னாடி தள்ளுனீங்களா, பின்னாடி தள்ளுனீங்களா?" என்று பண்டாரம் பதறினார்.

"மணிக்கூட்டைப் பின்பக்கம் திருப்பக் கூடாது, பண்டாரம். பல்லுப் போயிடும். எப்பவும் முன்பக்கம்தான் திருப்புறனான்."

"எவ்வளவு தூரம்?"

"சரியாகும் வரைக்கும்."

அந்தக் கடிகாரம் நாளுக்குக் கால் மணி பின்தங்கும். ஆகவே பழைய மணியில் இருந்திருந்தால் அவர் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பார். டோக்கியோ மணியில் இருந்திருந்தால் சின்ன முள் ஏறக்குறைய முழுச் சுற்று வரும்வரை சுற்றியிருப்பார். எது என்று கேட்டேன்.

"நான் கவனிக்கேல்லை," என்றார். வாழ்நாளெல்லாம் ரயிலுக்கு நேரம் பார்த்த மனிதர். கண்கள் சிவந்திருந்தன.

பண்டாரம் கணக்கை என்னிடம் தள்ளினார். வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் என்பதுதான் என் தகுதி. அவளை மறுபடி கேட்டேன். வெளிச்சம் எப்படி இருந்தது? மழைக்கு முன்னாலா, பின்னாலா? எங்களைக் கூப்பிடுவதற்கு முன் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்று வானம் விடிந்ததிலிருந்து கரி பூசியதுபோல் இருந்ததால் வெளிச்சம் உதவவில்லை. அவரருகே தனியாக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. மூன்று முறை கூட்டிக் கழித்தேன். மூன்று விடை வந்தது. அதில் ஒன்றின்படி இஞ்சினியர் இன்னும் இறக்கவில்லை.

"இதென்ன கரைச்சல்!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் எரிச்சலோடு. "இஞ்சினியரைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நிமிசத்தில சொல்லிப்போடுவார்."

சொல்லிவிட்டு அவரே திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பண்டாரம்தான் மறுபடி தொடங்கினார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. உசிரு போனது எப்ப?"

"நான் பெலாகாங் போனேன்." பெலாகாங் என்றால் பின்புறம். "உபி பிடுங்க." உபி என்பது மரவள்ளி.

"அது சரிம்மா. எந்த நேரம்?"

"கொஞ்ச நேரம்தான். கஞ்சிக்கு ஒரு உபி..." எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். "எல்லாரும் அதையே கேக்குறீங்க. நான் பக்கத்துல இல்ல. உள்ள வந்தேன், அவர் போயிட்டார். அப்புறம்தான் மணி பாத்தேன். நான் இல்ல. நான் இல்ல."

காலையிலிருந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது கடிகாரத்தைப் பற்றி. அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது வேறு: அவர் சாகும்போது நீ எங்கே இருந்தாய்? அடைப்பு என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. அவளுடைய வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அவளைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தார். "கேட்டது காணும். அது டோக்கியோ மணி."

அந்த ஊரின் பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கவனிக்கலேன்னு சொன்னீங்களே?" என்றார் பண்டாரம்.

"இப்ப ஞாபகம் வந்தது. முழுச் சுத்துச் சுத்தினனான். விரல் நொந்தது. திருவோணம் ஐசே, திருவோணம். ஆக வேண்டியதைப் பாரும்."

பண்டாரம் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "அப்ப திருவோணம்தான்," என்று எழுந்து துண்டை உதறினார். வாசல் வழியாகவே எடுத்தோம்.

திரும்பி வரும் வழியில் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாஸ்டர், உண்மையிலேயே முழுச் சுற்றா?"

"வாத்தியார், நீர் பள்ளிக்கூடத்தில ஜப்பான் பாசை படிப்பிக்கிறீர், என்ன?"

"ஆமாம்."

"அது உமக்குத் தெரியுமோ?"

பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் படித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். "தெரியாது," என்றேன்.

"பிறகென்ன," என்று சொல்லிவிட்டு நடந்தார். இது ஒப்புதலா மறுப்பா என்று இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.

சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவள் கொல்லையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடைப்பு என்றால் என்ன, அன்று ஏன் அப்படித் துருவினோம் என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். எனக்கே பாதி குழம்பியது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நான் உள்ள இருந்திருந்தா அவர் என்ன சொல்லியிருப்பார், சிக்கு?"

வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். அன்று தப்பிக்கவில்லை. "தண்ணி கேட்டிருப்பாரும்மா," என்றேன்.

"பக்கத்துலயே கோப்பை நிறைய வச்சிட்டுதான் போனேன்," என்றாள். "திரும்பி வந்தப்ப பாதிதான் இருந்துச்சு."