எண்ணாமல் விழுந்த வெட்டு

1964ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆந் தேதி, சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடம். கச்சான் காற்று காலையிலிருந்தே அனலாக அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மட்டக்களப்பு வாவிக் கரையில், ஒரு தச்சுப் பட்டறையின் பின்பக்கத்து மணலில் நின்று, பட்டறைக்காரரின் இடதுகைச் சுட்டுவிரலை நான் மரவாளால் முறித்தேன். அவருடைய தங்கை மகளின் கலியாணத்துக்கு அன்றிலிருந்து பதினான்கு நாட்கள் இருந்தன. அந்தக் கலியாணத்தில் வயலின் வாசிக்க இருந்தவர் அவர்தான்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். இரவில் நித்திரை வராது. கதவுப் பூட்டு, கிணற்று மூடி, மாணவர்களின் புள்ளிகள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு கிடப்பேன். உடம்பு அலுக்கும்படி ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். நடந்து பார்த்தேன். நடக்கையில் யோசனை இன்னும் கூடியது. அந்த நாட்களில், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு சுவர் மணிக்கூட்டை நினைத்துப் போனேன். அது விலை ஏறிவிட்டதால் ஒரு கட்டுப் புத்தகங்களோடு திரும்பினேன்.

அதில் ஒன்று பழைய ஐரோப்பிய வாட்போர் பற்றியது. ஜெர்மன் மொழி; ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் முப்பத்தெட்டுப் படங்கள் இருந்தன. நீண்ட வாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள், அவர்களின் பாதங்களுக்கு அருகே 1, 2, 3 என்று இலக்கங்கள். இலக்கங்கள் எனக்கு விளங்கும். படத்திலுள்ள மனிதனின் உயரத்தையும் வாளின் நீளத்தையும் அளந்து விகிதம் எடுத்தேன். என் உயரத்துக்கு நான்கு அடி ஒரு அங்குலம் வந்தது. அதை வரைபுத் தாளில் வரைந்துகொண்டு பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கிழமை நாட்களில் அவர் கையில் மரம் இழைக்கும் சீவுளி இருக்கும், சனிக்கிழமைகளில் வயலின். அவர்களுடைய கலியாணங்களில் சோடி சோடியாக ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டம் இல்லாவிட்டால் கலியாணம் நிறைவதில்லை. வயலின் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. வயலின் என்றால் எங்கள் பகுதியில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் படத்தை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"எங்கட ஆக்கள் வாளோட வந்து, மறுகா உளியப் புடிச்சவங்க. நீங்க என்னத்துக்கு மாஸ்டர் திரும்பவும் வாளத் தாறீங்க?" என்றார்.

ஒன்று போதாது, எதிரே நிற்பதற்கு ஒரு ஆளும் வேண்டும், ஆகவே இரண்டு செய்யுங்கள் என்றேன். எதிரே நிற்கப் போகும் ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. அவர் மனைவி பட்டறை வாசலில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "வேற யாரு, இந்த மனிசன்தான். கூப்பிட்ட இடமெல்லாம் போறவர். பெண்சாதியோட ஆடுறதுக்கு மட்டும் நேரமில்ல" என்றார். கலியாணமாகி இருபத்திரண்டு வருடங்களாகத் தன் தம்பிமாரோடுதான் ஆடுகிறாராம். கணவர் எந்த வீட்டிலும் கதிரையைவிட்டு எழும்பாமல் வாசித்துக்கொண்டே இருப்பாராம். அதை ஒரு பழைய கணக்கைப் போலச் சொன்னார், கோபம் தெரியவில்லை.

மரத்தைப் பற்றி மூன்று நாள் பேசினோம். முதிரை பார்வைக்கு நல்லது. அடிபட்டால் சிம்பு பறக்கும் என்று நான் கண்ணை நினைத்துப் பயந்தேன். மண்வெட்டிப் பிடிக்குப் போடும் விண்ணாங்கு என்று முடிவாயிற்று. அதை அவர் அரியாமல், நார் ஓடும் வழியே ஆப்பு வைத்துப் பிளந்தார். வாளின் இரு ஓரங்களும் பென்சில் தடிப்பில் உருண்டையாக இருக்க வேண்டும், நுனி பெருவிரல் போல மழுங்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். கைக்காவலுக்கு ஒன்பது அங்குலக் குறுக்குக் கட்டை. நடுவில் துளையிட்டு, நுனிப் பக்கமிருந்து இறக்கி, கைப்பிடிக்கு மேலே தோள் போல விட்டிருந்த தடிப்பில் இறுக்கினார். ஆணி அடிக்கவில்லை.

பிறகு பாரம். மரவாள் முன்பக்கம் கனத்து மணிக்கட்டை இழுத்தது. விரலில் வைத்து நிறுத்திப் பார்த்தபோது கைக்காவலிலிருந்து ஏழு அங்குலம் தள்ளி நின்றது. எனக்கு நான்கு வேண்டும். கைப்பிடியின் அடியில் குடைந்து, பழைய வலையிலிருந்து கழற்றிய ஈயக் குண்டுகளை உருக்கி ஊற்றினார். பதினோராவது குண்டில் நான்கு அங்குலத்துக்கு வந்தது. கச்சானில் மரம் வெடிக்காதிருக்கத் தோணிக்குப் பூசும் மீன் எண்ணெயைப் பூசினோம். அதற்குப் பின் நான் தெருவில் போனால் பூனைகள் பின்னால் வந்தன. என் மனைவி வாள்களை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. கோழிக் கூட்டுக்கு மேலே வைத்தேன். கோழிகளை நினைத்தும் கவலைப்பட்டேன்.

யூன் மாதம் பயிற்சி தொடங்கினோம். செவ்வாயும் சனியும், ஒரு முறைக்கு நாற்பது நிமிடம். புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு வெட்டையும் நான் மூன்றாகப் பிரித்தேன். ஒன்றில் கால், இரண்டில் வாள் உயரும், மூன்றில் இறங்கும். உரத்து எண்ணுவேன். மூன்றில் இரண்டு வாள்களும் சந்திக்கும். அவர் ஒருமுறைகூடப் பிந்தவில்லை. என்னைவிடச் சீராக வந்தார். இரவில் எனக்கு நித்திரையும் வந்தது.

ஒன்று மட்டும் என்னை அரித்தது. அவர் இடது கையை முன்னே வைத்துத்தான் வாளைப் பிடிப்பார். முப்பது வருடம் சீவுளி தள்ளிய கைகள். சீவுளியில் இடது கை முன்னுக்கு நிற்கும். படத்தைக் காட்டி மாற்றுவேன். அடுத்த வெட்டில் இடது கை முன்னுக்கு வந்துவிடும். வயலின் தந்தியை அழுத்துவதும் அதே கை. கடையில் தடித்த தோல் கையுறை இரண்டு சோடி வாங்கிக் கொடுத்தேன். வலது கைக்கு மட்டும் போட்டார். "இடது கைக்குப் போட்டா அந்தக் கை செவிடாப் போயிரும் மாஸ்டர்" என்றார். கலியாணம் முடியும்வரை நிறுத்துவோமா என்று நான் நான்கு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்திருந்தார்.

"இதென்ன சண்டையா, சங்கீத வகுப்பா? ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு சொல்லிச் சொல்லி வெட்டுறீங்க."

பட்டறைக்காரரின் முகம் மாறியது. வாளை மணலில் ஊன்றினார்.

"ஒருக்கா எண்ணாம வாங்க மாஸ்டர். வாறவன் எண்ணிட்டா வெட்டுவான்?"

நான் மறுத்தேன். அவர் விடவில்லை. ஒரே ஒருமுறை என்று உடன்பட்டு, வாயை மூடிக்கொண்டு, மனதுக்குள் எண்ணி வெட்டினேன். வேகத்தைக் கூட்டவில்லை. அவர் வாளைப் பாதி தூக்கியபடி அப்படியே நின்றார். என் வாள் பக்கவாட்டில் இறங்கி, அவருடைய கைக்காவலுக்குக் கீழே விரலில் பட்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை.

வாடகைக் காரில் ஏறாவூருக்குப் போனோம். அங்கே முறிவு வைத்தியர் ஒருவர் இருந்தார். ஏன் கையைத் தூக்கவில்லை என்று வழியில் அவரிடம் கேட்டேன்.

"மூண்டு வரும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்" என்றார்.

வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்து எண்ணெய்த் துணியால் கட்டினார். இருபத்தொரு நாளைக்குக் கட்டை அவிழ்க்கக் கூடாது என்றார். இருபத்தொன்றிலிருந்து பதினான்கைக் கழித்தால் ஏழு. அந்த ஏழு நாளைப் பற்றி வைத்தியரிடம் இரண்டு முறை பேரம் பேசினேன். அவர் என்னைப் பாராமல் கையைக் கழுவினார்.

அன்றிரவு பட்டறைக்காரரின் தங்கை என் வீட்டுக்கு வந்தார். ஆட்டம் இல்லாத கலியாணத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவதிலும் கூப்பிடாமல் விடுவது மேல் என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் திருகோணமலைக்குப் போனேன். அங்கேயும் பறங்கியர் இருந்தார்கள். மூன்று வீடு விசாரித்து, வயலின்காரர் ஒருவரைப் பிடித்தேன். சம்பளம் பேசி, போக்குவரத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டேன்.

செப்டெம்பர் 5ஆந் தேதி கலியாண வீட்டில் நான் கதவோரமாக, எழும்பிப் போக வசதியான கதிரையில் இருந்தேன். திருகோணமலைக்காரர் நன்றாகவே வாசித்தார். பட்டறைக்காரர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தாளின் வில்லையே பார்த்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களும் அப்படியே போயின. மூன்றாவதில் அவர் மனைவி வந்து எதிரே நின்றார். கையை நீட்டவில்லை, சும்மா நின்றார். இவருக்குச் சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை. எழும்பினார்.

அவர் கால்களைத்தான் நான் பார்த்தேன். ஒன்றில் வலது கால், இரண்டில் உடம்பு உயர்ந்தது, மூன்றில் இறங்கியது. யூன் மாதத்திலிருந்து மணலில் என் எதிரே நின்ற கால்கள் அவை. நான் வாய்க்குள் எண்ணிப் பார்த்தேன், ஒருமுறைகூடப் பிந்தவில்லை. கட்டுப் போட்ட விரல் மட்டும் மனைவியின் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. யாராவது அதில் மோதிவிடுவார்களோ என்று கடைசிவரை பயந்துகொண்டிருந்தேன். இருவரும் ஏழு ஆட்டம் ஆடினார்கள்.

இடையில் அவர் மனைவி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்பதற்காக நான் எழும்பினேன்.

"தை மாசம் தம்பிட மகனுக்குக் கலியாணம் மாஸ்டர்" என்றார். "அந்த வாளை எங்கயும் துலைச்சிராதீங்க."

விரல் ஐந்து வாரத்தில் சரியாயிற்று. தை மாதக் கலியாணத்தில் அவரே வாசித்தார். அவர் மனைவி தம்பிமாரோடு ஆடினார். வாள்கள் கோழிக் கூட்டின் மேலேயே கிடந்தன. வாள் இரண்டுக்கும் கையுறைகளோடு நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பத்தைந்து சதம். வைத்தியத்துக்குக் கார் கூலியோடு பதினாறு ரூபாய் இருபத்தைந்து சதம். திருகோணமலைக்காரருக்கு, என் பஸ் காசையும் சேர்த்து, நாற்பத்திரண்டு ரூபாய் அறுபது சதம். எல்லாமாக நூற்றொரு ரூபாய் நாற்பது சதம்.