முதுகுல பதினேழு

இதை எழுதவே வேண்டாம்னு இருந்தேன். பேளுக்குறிச்சில பஸ்சு பஞ்சராகி நிக்குது, வேற வேலையில்ல.

மலை மேல சோளக்காடுங்கற ஊரு பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் எப்பவும் உக்காந்திருப்பாரு. வெளிநாட்டு ஐஸ் ஹாக்கி டீமுங்களுக்கு ஜெர்சி தச்சு அனுப்பறதே பொழப்பா இருந்தவரு. மிஞ்சுன ஜெர்சி ஒண்ணைத்தான் போட்டிருப்பாரு. முதுகுல பதினேழுன்னு நம்பரு; அதுக்கு மேல பேரு தைக்கற எடம் காலியா இருக்கும். மலையே அவரைப் 'பதினேழு'ன்னுதான் கூப்புடும். பக்கத்துல யாரு உக்காந்தாலும் தோளைச் சாணால அளப்பாரு.

போன வாரம் என்னையும் அளந்தாரு.

"ஏனுங்க, இந்தச் சட்டைக்குள்ள இன்னொருத்தர் குடியிருக்கலாமாட்ட இருக்குதே?"ன்னு வம்புக்கிழுத்தேன்.

"அடிபடாம இருக்க உள்ள மெத்தை கட்டிக்குவாங்க கண்ணு. அதான் பெருசு."

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் முதுகுல பேரு தச்சீங்களே, உங்க பேரைத் தச்சுக்கலீங்களா?"

சிரிச்சாரு. "பேரு சொல்லிக் கூப்புட ஆளிருந்தா தச்சுக்கலாஞ் சாமி."

பஸ்சு வந்திருச்சு. "வாரேனுங்க பதினேழு"ன்னு ஏறிட்டேன். ஜன்னல்ல எட்டிப் பாத்தா, அடுத்து வந்து உக்காந்தவரோட தோளை அளந்திட்டிருந்தாரு.

இதுவரைக்கும் எழுதுனதை அப்படியே கூட்டாளிக்கு வாட்ஸப்புல அனுப்புனேன். ஒரே வரில பதில் போட்டான்.

"அவரு பேரென்னடா?"