நான் நேராக்கிய கண்ணாடி

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்த மகள் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஓடாவி. மரவேலைதான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய வகுப்பில் விஞ்ஞானம் என்றால் ஒரு கரும்பலகையும் பூட்டிய அலுமாரியும்தான். பிள்ளைகள் கையால் செய்து படிக்கும் வேலைகளுக்கு ஆசிரியர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று அறிந்து விண்ணப்பம் போட்டாள். கிடைத்தால் வேலை மேசை, வாள், சுத்தியல், கண்ணாடிக் குழாய் எல்லாம் வாங்கலாம். அதற்கு முன் கல்வித் திணைக்கள அதிகாரி வந்து, பிள்ளைகளே செய்த ஒன்றைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் செய்தது கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் பெட்டி. உள்ளே கறுப்பு மை பூசிய தகரத் தட்டு, மேலே ஜன்னல் கண்ணாடி. வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டும் நீர், ஓரத்து மூங்கில் வழியே போத்தலில் விழும்.

அதிகாரி வருவதற்கு முந்திய நாள் பாதுகாப்புக்காகப் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்திருந்தாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். ஒரு பக்கப் பலகை உயரம், மறுபக்கம் கட்டை. கண்ணாடி சரிந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகள், அளவு பிழைத்துவிட்டது என்று நினைத்து, பிஸ்மி சொல்லி, உயர்ந்த பலகையை அறுத்துச் சீவினேன். ரசமட்டம் வைத்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது.

"ஒங்கட கையச் சும்மா வெச்சிரிக்க ஏலாதா?" என்றாள் மனைவி.

"மகள் பாத்தா சந்தோசப்படுவாள்" என்று சொல்லிச் சாக்கால் மூடி வைத்தேன். காலையில் நானே வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பத்து மணிக்குக் கண்ணாடி முழுக்கத் துளி கட்டியது. ஆனால் துளிகள் நின்ற இடத்திலேயே கனத்துத் தட்டிலேயே விழுந்தன. போத்தல் காய்ந்து கிடந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மகள் பெட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாப்பா, இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"கோணலா இரிந்திச்சி மகள். நேராக்கினன்."

"அந்தச் சரிவாலதான் வாப்பா தண்ணி ஓடுற!"

என்னால் அவளுடைய உதவித்தொகை போய்விடும். வாய் மூடி நிற்கலாம். ஆனால் பழி பிள்ளைகள் தலையில் விழும். அல்லாஹ்வைப் பயந்து அதிகாரியின் முன்னால் போய் நின்றேன்.

"சேர், புள்ளயளுக்கிட்டப் பிழ இல்ல. நான் டீச்சர்ர வாப்பா. சரியாக்குறன் எண்டு கெடுத்துப் போட்டன்."

"பிள்ளைகள் செய்ததற்குத்தான் உதவி, ஐயா" என்று அவர் கோப்பை மூடினார்.

"சேர், அரை மணித்தியாலம் தாங்க" என்று ஒரு பிள்ளை முன்னால் வந்தாள். நான் வண்டிலில் கிடந்த என் வாளைத் தூக்கினேன்.

"தொடாதீங்க வாப்பா. அங்கால நில்லுங்க" என்றாள் மகள்.

அந்தப் பிள்ளை என்னிடம் வாளை வாங்கி, மூங்கில் இருந்த பக்கத்துப் பலகையை அறுக்கத் தொடங்கினாள். வாள் நடுங்கியது, கோடு விலகியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஓடாவி மாமா, ரசமட்டம் தரட்டா?" என்று இன்னொருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். மட்டமாக இருந்தால் துளி ஏன் விழுகிறது, சரிந்தால் ஏன் ஓடுகிறது, எந்தச் சரிவில் அதிகத் தண்ணீர் கிடைத்தது என்று அவர் கேட்கக் கேட்கப் பிள்ளைகள் கொப்பியைப் புரட்டிக் காட்டினார்கள். மகள் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் கோப்பை மறுபடி திறந்தார்.

பகல் லுஹர் தொழுது, துஆக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். போத்தலின் அடியில் ஒரு விரல் கனம் தண்ணீர். அதிகாரி மூடியில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

"உப்பில்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "காலையிலேயே தண்ணீர் ஓடியிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். பிள்ளைகளுக்கு இவ்வளவு தெரியும் என்று கண்டிருக்கமாட்டேன்" என்றார்.

உதவித்தொகை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். வேலை மேசை செய்யும் பொறுப்பை எனக்கே தந்தார்கள். மகள் அளவைக் கடதாசியில் எழுதிக் கொடுத்து, "கோணலாத் தெரிஞ்சா, கேட்டுட்டு நேராக்குங்க வாப்பா" என்றாள்.

மேசையைக் கொண்டுபோய் இறக்கிய நாளில் அந்தப் பெட்டி ஜன்னலோரம் இருந்தது. பிள்ளை அறுத்த விளிம்பு அலை அலையாகக் கிடந்தது. சீவுளி என் கையில்தான் இருந்தது. தொடவில்லை. பெருமை அடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த விளிம்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான்தான் காட்டினேன்.