மேகத்தை மறைத்த முகம்

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதிக்கொள்கிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று படித்துப் பார்க்க முடியாது என்பதால், ஒவ்வொருவர் நம்பருக்கும் அவரவர் முகத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மணி அடித்தால் திரை முழுக்க முகம் வந்து நிற்கும். பால்காரன் என்றால் பால்காரன் முகம். பக்கத்து வீட்டு மருமகள் என்றால் அவள் முகத்தோடு ஒரு கன்றுக்குட்டியும் சேர்ந்து வரும்.

செஞ்சியில் நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் மூட்டை தூக்கியவன் நான். முதுகில் நெல் மூட்டை ஏறிவிட்டால் தரையைத்தான் பார்க்க முடியும். வயசுக் காலமெல்லாம் நான் பார்த்தது என் கால் கட்டைவிரலும் முன்னால் போகிறவனுடைய குதிகாலும்தான். தரையில் நிழல் ஓடினால் மேலே மேகம் போகிறது என்று புரிந்துகொள்வேன். நிமிர்ந்து பார்க்க ஏது நேரம். தோள் விட்டுப்போய், வேலையை விட்டு, மகள் தன் பழைய போனைக் கொடுத்த பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

ஒருநாள் காலையில் ராணிக்கோட்டை மலைமேல் மட்டும் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. ராஜாக்கோட்டைக்கு இல்லை, மற்ற குன்றுகளுக்கு இல்லை, அது ஒன்றுக்கு மட்டும் முக்காடு போட்ட மாதிரி. என்னையறியாமல் போனை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இதே வேலை. மார்கழியில் பனி தரையை மூடிக்கொள்ளும், குண்டுப் பாறைகள் மட்டும் மேலே மிதக்கும். ஐப்பசியில் அடிவயிறு கறுத்த மேகங்கள் கிழக்கிலிருந்து மந்தை மந்தையாக வரும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அதுதான் எனக்கு ஆச்சரியம். மூட்டைகள் எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்தன.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தேன். அவ்வளவு கூட்டமும் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "டவர் கெடைக்கலியா? அந்த பக்கமா போய் நில்லுப்பா, அங்க கெடைக்குது" என்றாள். டீக்கடையில் கேட்கவே வேண்டாம்.

"இன்னாப்பா, இன்னைக்கி எத்தினி மேகம் புடிச்ச?"

"புடிச்சதுல ஒண்ண நம்ம ஏரியில உடுய்யா, ரொம்பட்டும்."

சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அதெல்லாம் வெட்கமே இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

பக்கத்து வீட்டு மருமகளின் புருஷன் பெங்களூரில் வண்டி ஓட்டுகிறான். ஏரிக்குக் கீழே இருக்கும் நிலத்தை விற்றுவிட்டு எல்லோரும் அங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இவளுக்கு மனசில்லை. "இந்த ஒரு போகம் நான் போடறேன். நல்லபடியா வந்தா நெலம் இருக்கட்டும். வரலன்னா வித்துடு, நானே வந்து கையெழுத்து போடறேன்" என்று அவள் போனில் சொன்னது மதில் தாண்டி எனக்கே கேட்டது. நாற்று விட்டதிலிருந்து எல்லாம் அவளே பார்த்தாள். பயிர் நன்றாக வந்தது. போன ஆவணியில் மிஷின் வைத்து அறுத்தாள்.

மிஷின் அறுத்த நெல் ஈரமாக இருக்கும். அப்படியே கமிட்டிக்குக் கொண்டுபோனால் வியாபாரி கையை விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான். அதனால் ஊருக்கு மேற்கே இருக்கிற அகலப் பாறையில் கொட்டிக் காயவைத்தாள். அன்றைக்கு அவளுக்கு நூறு நாள் வேலையும் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு தரம் ஆட்களை நிற்கவைத்து போட்டோ எடுப்பார்கள். அதற்குள் நகர்ந்துவிட்டால் அன்றைய வேலை கணக்கில் வராது.

"மாமா, பாறைகிட்ட கொஞ்சம் இருக்கிறீங்களா? நான் ரிங் உடறேன். மேகம் கூடுச்சின்னா எடுங்க, ஓடி வந்துடறேன். ஒண்ணும் இல்லன்னா கட் பண்ணிடுங்க, நான் பாட்டுக்கு வேலைய பாப்பேன்."

"போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். வானத்தைப் பார்க்க என்னைவிட யார் இருக்கிறார்கள் என்ற கர்வம்கூட இருந்தது.

மத்தியானம் சாய்ந்த பிறகு ராஜாக்கோட்டைக்குப் பின்னால் அது எழுந்தது. உச்சியெல்லாம் பொரி பொரித்த மாதிரி வெள்ளை. கீழே போகப் போகக் கருநீலம். அதற்கு முன்னால் மலை மட்டும் வெயிலில் நிற்கிறது. மேலே இருக்கும் கட்டடம் பல்லு மாதிரி மின்னுகிறது. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பாறை ஓரமாகப் போய்ப் போனைத் தூக்கினேன். மலை அசையாமல் நின்றது. மேகம் பின்னாலிருந்து ஏறிக்கொண்டே வந்தது. உச்சிக் கட்டடத்துக்கு நேராக அது வரட்டும் என்று காத்திருந்தேன்.

அந்த நேரத்தில் அவள் முகம் வந்தது. கன்றுக்குட்டியோடு திரை முழுக்க வந்து மேகத்தை மறைத்தது. சிவப்பைத் தள்ளிவிட்டேன். மேகம் திரும்பவும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முகம். மறுபடியும் தள்ளினேன். மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல முடியாது. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்றுதான் மனசு இருந்தது.

பிடித்துவிட்டேன். நினைத்த மாதிரியே வந்தது. அதற்கப்புறம் காற்று. தார்ப்பாயின் ஒரு முனையில் கல்லை வைத்தால் இன்னொரு முனை பறக்கிறது. மழை இறங்கியபோது நான் நெல்லின்மேல் குப்புற விழுந்து கிடந்தேன். பாறையில் தண்ணீர் எங்கே நிற்கும்? நெல்லையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது.

நனைந்த புடவையோடு அவள் வந்தாள், கூட இரண்டு பெண்கள்.

"மாமா, ரெண்டு தரமும் கட் பண்ணீங்களே. வானம் வெளுப்பா இருக்குதுன்னுல்ல நின்னுட்டேன்."

"கை பட்டுடுச்சிம்மா" என்றேன்.

"கெழவன காவலுக்கு வெச்ச பாரு, உன்னத்தான் சொல்லணும்" என்றாள் ஒருத்தி.

"உடுக்கா, அவரு எப்பிடி நனைஞ்சி கெடக்கறாரு பாரு. வயசாவலியா?" என்று சொல்லி, மருமகள் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்து எனக்குக் கொடுத்தாள். பிறகு மூன்று பேரும் பள்ளத்தில் இறங்கி நெல்லை அள்ளினார்கள். நானும் அள்ளினேன். ஊறின நெல்லின் கனம் எனக்குத் தெரியாததா?

ராத்திரி வெளியூரிலிருந்து மகள் போன் செய்தபோது, இன்றைய மேகம் எங்கே என்று எப்படியும் கேட்பாளே என்று அந்தப் படத்தை அனுப்பிவிட்டேன். அவளுக்கு அப்போது விஷயம் தெரியாது. "நைனா, சூப்பரா இருக்குது" என்று தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். காலையில் பக்கத்து வீட்டு மருமகள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, இது நேத்து புடிச்சதா?"

"ஆமா."

படத்தின் அடியில், மலைக்கு முன்னால், அவள் நெல் மஞ்சளாகப் பரந்து கிடந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு விரலால் அதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்லா காஞ்சிருந்திருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வந்தான். என்னையும் கூப்பிட்டான். மறுபடி காயவைத்த நெல் கறுத்திருந்தது. ஒரு பிடி எடுத்து முகர்ந்தான்.

"இத எவன் வாங்குவான்? மேகம் கூடறது யார் கண்ணுலயும் படலியா? நீ எங்க போயிருந்த?"

"மேகமே இல்ல" என்றாள் அவள். "மலைக்கு பின்னாலேருந்து திடீர்னு வந்து ஊத்திடுச்சி. யார் இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மாமா அங்கதான் இருந்தாரு, கேளு."

எனக்குப் புரிந்தது. மேகம் இருந்தது என்றால் தப்பு அவள் தலையில் விழும், நிலம் போய்விடும்.

"அப்பிடியா மாமா?"

"ஆமாம்பா. மேகமே இல்ல" என்றேன்.

கையிலிருந்த நெல்லைக் குவியலிலேயே போட்டான். "வானம் பண்ணதுக்கு யார சொல்றது. சரி, இன்னொரு போகம் போட்டுப் பாரு" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மேகத்த போட்டோ புடிக்கிறீங்களாமே. எங்க, காட்டுங்க மாமா" என்று சிரித்தான்.

"சார்ஜ் இல்லப்பா" என்றேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவள் உள்ளே போய் டீ கொண்டுவந்து முதலில் எனக்குத்தான் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.